பெயரில் நிற்கும் தொழில்

ஓர் ஊரின் பழமையை அறிய விரும்புவோர் கோயிற் சுவரில் உள்ள கல்வெட்டைப் படிப்பர். பழைய ஏடுகளைத் தேடுவர். ஊர் முதியோரை வினவுவர். இவற்றுக்கெல்லாம் முன்பாகவே, தெருமுனையில் அறைந்துள்ள பெயர்ப்பலகை அவர்களுக்கு ஒரு செய்தியைச் சொல்லக் காத்திருக்கின்றது. முகவரி எழுதுதற்கு உதவும் ஒரு கருவி என்றே அதனை எண்ணிப் பலரும் கடந்து செல்வர். காஞ்சிமாநகரத்தில் நிமந்தக்காரத் தெரு என ஒரு தெரு உண்டு. நிவந்தம் என்பது கோயிற் காரியங்களுக்கென விடப்பட்ட கொடை. அச்சொல்லே மக்கள் வழக்கில் நிமந்தம் என வழங்கலாயிற்று. அக்கொடையின் பயனைப் பெற்றுக்கொண்டு, திருவிளக்கு ஏற்றுதல், பூமாலை தொடுத்தல், மேளம் முழக்குதல் முதலிய பணிகளைச் செய்தோர் நிமந்தக்காரர் எனப்பட்டனர். அவர்கள் குடியிருந்த தெருவுக்கு அவர்கள் பெயரே அமைந்தது. அந்நகரிலேயே எண்ணெய்க்காரத் தெரு என்றும் ஒன்று உண்டு. இன்று அங்கே செக்கின் ஓசையைக் கேட்க விரும்பினும் கேட்டல் அரிது. ஓசை அடங்கிய பின்னும் பெயர் அடங்கவில்லை.

தொழிலால் இடம் பெயர் பெறுதல் தமிழ்நாட்டில் மிகப் பழைய வழக்கம். சென்னை அருங்காட்சியகத்தில் உத்தம சோழர் காலத்துச் செப்பேடு ஒன்று உள்ளது. அது பத்தாம் நூற்றாண்டைச் சார்ந்தது. காஞ்சியின் ஊரகம் என்னும் திருமால் கோயிலுக்குரிய பொருளையும் பூசைச் செலவையும் அது விரித்துரைக்கின்றது. அக்கோயிற் காரியங்களை மேற்பார்க்கும் பொறுப்பு, பட்டசாலிகள் என்று அச்செப்பேடு குறிக்கும் நெசவாளர்பால் ஒப்படைக்கப்பட்டது. அரசர்க்குரிய ஆடைகளை நெய்த அம்மக்கள் நகரின் நான்கு சேரிகளில் வாழ்ந்தனர். அதிமானப்பாடி, எற்றுவழிச்சேரி என்பன அவற்றுள் இரண்டின் பெயர்கள். சேரி என்னும் சொல் அக்காலத்தில் மக்கள் ஒருங்கு சேர்ந்து வாழும் இடம் என்னும் பொருளையே தந்தது; அதில் இழிவு ஒன்றும் இல்லை. துணி நெய்வோர் கோயிற் கணக்கைப் பார்த்தனர் என்பது கருதத்தக்க செய்தி. ஓர் அரசர் ஒரு தொழிலாளர் கூட்டத்தின் நாணயத்தை நம்பித் தெய்வத்தின் பொருளை அவர் கையிற் கொடுத்தார். ஆயிரம் ஆண்டுகட்கு முன் காஞ்சி நெசவாளர் பெற்றிருந்த மதிப்பு அத்தகையது.

அம்மதிப்புக்குக் காரணம் அவர்தம் கைத்திறனே. அத்திறனைச் சிறிது அறிந்துகொண்டாலன்றி, நெசவின் பெயரைத் தாங்கி நிற்கும் இடங்களின் பொருள் விளங்காது. ஆதலின் அதனைச் சற்று விரித்துக் கூறுதல் வேண்டும்.

காஞ்சிப் பட்டுச் சேலைக்கு வேண்டும் பட்டு நூல் காஞ்சியில் விளைவதில்லை. அது பெரும்பாலும் கருநாடக நாட்டிலிருந்து வருகின்றது. சரிகை, கூர்ச்சர நாட்டுச் சூரத்து நகரத்திலிருந்து நெடுங்காலமாக வருகின்றது. பட்டிழையின்மீது வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியதே நல்ல சரிகை. பட்டும் பிற நாட்டது. சரிகையும் பிற நாட்டது. காஞ்சிக்கு உரியது யாதெனின், அவற்றை ஒன்றாக்கும் கைகளே. முறுக்கேற்றிய பட்டைச் சாயத்தில் தோய்த்து, உலர்த்தி, ராட்டையிற் சுற்றி, பாவு ஓடுவர். ஓடிய பாவைக் காலை வெயில் ஏறுமுன் தெரு நெடுகிலும் நீட்டிக் கட்டி, அரிசிக் கஞ்சியைத் தடவி, இழை இழையாகப் பிரித்துவிடுவர். பெண்டிரும் முதியோரும் சிறாரும் அதில் கைகொடுப்பர். அறுந்த இழையை விரல் நுனியில் திரித்து ஒட்ட வைக்கும் வேலையை, கண் மங்கிய முதியோரும் தடவிப் பார்த்தே செய்துவிடுவர் என்றால், அது வாழ்நாள் முழுவதும் பழகிய கைகளின் அறிவு.

தறியில் அமர்ந்த பின் இரண்டு அருஞ்செயல்கள் உள. முதலாவது கோர்வை. சேலையின் உடல் ஒரு நிறமாகவும் கரை வேறொரு நிறமாகவும் இருத்தல் வேண்டும். இரண்டு நிறமும் ஒன்றோடொன்று கலத்தல் கூடாது. அதற்கென ஒரே தறியில் மூன்று நாடாக்களை வழங்குவர். ஒன்று உடலுக்கு, மற்றிரண்டு இருபுறக் கரைகளுக்கு. நெசவாளர் ஒருவரால் மூன்றையும் எறிதல் இயலாது. ஆகவே அருகில் ஒருவர் துணையாக அமர்ந்து ஒருபுறக் கரையின் நாடாவை வாங்கி எறிவார். ஒவ்வொரு வரிசையிலும் உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றையொன்று கோத்துத் திரும்பும். கோத்தலாலே அது கோர்வை எனப்பட்டது. உடல் நைந்தாலும் கரை கழன்று போகாது என்று பெண்டிர் பெருமையாகக் கூறுவது இதுபற்றியே. இரண்டாவது பிட்னி. முந்தானை வேறு நிறமாக அமைய வேண்டின், உடலுக்குரிய பாவின் ஆயிரக்கணக்கான இழைகளோடு முந்தானைக்குரிய புதிய நிற இழைகளை ஒவ்வொன்றாக இணைத்து, இரண்டும் ஒருங்கே கூடிய பகுதியைச் சில விரற்கிடை நெய்து, பின்பு பழைய இழைகளை அகற்றுவர். உற்றுப் பார்த்தால் உடலும் முந்தானையும் கூடும் இடத்தில் சிறு தடிப்பு ஒன்று தோன்றும். அது குற்றமன்று, கைத்தறி என்பதற்கு அதுவே சான்று. விசைத்தறிச் சேலையில் அதனைக் காண்டல் அரிது.

இத்தகைய தொழிலுக்கு 2005-06-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு என்னும் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. காஞ்சிபுரம் என்னும் பெயர் அப்போது ஓர் ஊரின் பெயராக மட்டுமன்றி, ஒரு பொருளின் உரிமைப் பெயராகவும் ஆயிற்று. வேற்றூரில் நெய்த சேலையைக் காஞ்சிப் பட்டு என்று விற்றல் தகாது என்பது அதன் கருத்து. ஆயினும் நாட்டின் பெருநகரங்கள் தோறும் காஞ்சியின் பெயரைச் சூடிய துணிக்கடைகள் பல உள. பெயருக்கு விலை ஏறும்போது பெயரைக் கடன் வாங்குவோரும் பெருகுவர்.

நெசவுத் தொழிலால் பெயர் பெற்ற இடங்களுள் சென்னையில் உள்ள சிந்தாதிரிப்பேட்டை முதலிற் கருதத்தக்கது. அப்பெயரை நோக்கியவுடன், வடமொழியில் மலையைக் குறிக்கும் அத்திரி என்னும் சொல் அதன்கண் உள்ளதோ என்று மயங்க இடமுண்டு. ஆங்கே மலையும் இல்லை; மேடும் இல்லை. கூவம் ஆறு வளைந்து ஓடும் சமநிலமே அது. 1639-ஆம் ஆண்டில் சென்னையிற் கால்கொண்ட ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியார்க்குத் துணி வாணிகமே உயிராக இருந்தது. தொலைவில் உள்ள ஊர்களிலிருந்து துணி வருதற்குப் போரும் பஞ்சமும் அடிக்கடி இடையூறு விளைத்தன. ஆகவே கோட்டைக்கு அருகிலேயே நெசவாளரைக் குடியேற்ற விரும்பி, 1734-ஆம் ஆண்டில், மார்ட்டன் பிட்டு என்பார் ஆளுநராக இருந்தபோது, சுங்குராமச் செட்டியாரின் தோட்டமாக இருந்த நிலத்தில் ஒரு புதிய குடியிருப்பை அமைத்தனர். நூல் நூற்போர், துணி நெய்வோர், துணியின்மீது வண்ண ஓவியம் எழுதுவோர், வெளுப்போர் ஆகியோர் அங்கே குடியமர்ந்தனர். சிறு தறிகள் நிறைந்த அவ்விடம் சின்னத்தறிப்பேட்டை எனப் பெயர் பெற்றது. நாளடைவில் அப்பெயர் தேய்ந்து, திரிந்து, சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பர்.

தறி அங்கிருந்து மறைந்து நெடுங்காலம் ஆயிற்று. ஆயினும் 1995-ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை பறக்கும் தொடர்வண்டிப் பாதை அமைந்தபோது, அப்பாதையில் எழுந்த புதிய நிலையத்துக்குச் சிந்தாதிரிப்பேட்டை என்றே பெயரிட்டனர். உயர்ந்த தூண்களின்மீது நிற்கும் அக்கட்டடத்தின் பலகையில், பதினெட்டாம் நூற்றாண்டில் ஆற்றங்கரையில் ஒலித்த சின்னஞ்சிறு தறி, தன் உருவம் சிதைந்து ஒளிந்திருக்கின்றது. வண்டிக்குக் காத்து நிற்போருள் அதனை அறிவார் எத்தனை பேர்?

வண்ணாரப்பேட்டையின் கதையும் இதனோடு சேர்ந்ததே. தறியிலிருந்து இறங்கிய பருத்தித் துணி பழுப்பாக இருக்கும். அதனைக் கப்பலேற்றுமுன் வெளுத்து, வெயிலில் விரித்து, மடித்து அடுக்க வேண்டும். அதற்கு நல்ல நீரும் அகன்ற வெளியும் தேவை. கோட்டைக்கு வடக்கே அத்தகைய இடத்தில் கும்பினியின் துணிகளை வெளுத்த தொழிலாளர் வாழ்ந்தனர். அவர் பெயரால் அமைந்த அப்பேட்டையில், 2019-ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்களில், நிலத்தடியே செல்லும் மெட்ரோ தொடர்வண்டியின் நிலையம் திறக்கப்பட்டது. குளிரூட்டிய கூடமும், தானே நகரும் படிகளும் உடைய அப்புத்தம் புதிய கட்டடத்தின் நெற்றியில், வெயிலில் நின்று துணி துவைத்த மக்களின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கின்றது. தலைவர் பெயராலும் வள்ளல் பெயராலும் நிலையங்கள் அமையும் நகரில், உழைத்தோர் பெயர் ஒன்று இவ்வாறு இடம்பெற்றமை தற்செயலே. ஆயினும் அது நல்ல தற்செயல்.

இனி, ஆலைகள் தோன்றிய காலத்துக்கு வருவோம். சென்னைப் பெரம்பூரில் பின்னிக் குழுமத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பக்கிங்காம் ஆலை, கருநாடிக் ஆலை என இரண்டு துணி ஆலைகளை நிறுவினர். பக்கிங்காம் என்பது அக்காலத்து ஆளுநராக இருந்த கோமகனின் பெயர். கடற்கரையை ஒட்டிச் செல்லும் கால்வாயும் அவர் பெயரையே தாங்கியுள்ளது. 1920-ஆம் ஆண்டில் இரண்டு ஆலைகளும் ஒன்றாயின. அவற்றில் நெய்த காக்கித் துணி படைவீரர்க்கும் காவலர்க்கும் உடையாயிற்று. பல்லாயிரவர் அவ்வாலைகளில் உழைத்தனர். உணவுக்கு விடும் நேரம் மிகக் குறுகியது. மேலாளர் சொல்லோ மிகக் கடியது. இந்நிலையில் செல்வபதிச் செட்டியார், இராமானுசலு நாயுடு ஆகியோர் முயற்சியால், வாடியா அவர்களைத் தலைவராகக் கொண்டு, 1918-ஆம் ஆண்டு ஏப்பிரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. இந்திய நாட்டில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அது போற்றப்படுகின்றது. தமிழ்த்தென்றல் திரு. வி. கலியாணசுந்தரனார் அச்சங்கத்துக்காகத் தம் நாவையும் எழுதுகோலையும் ஒருங்கே வழங்கினார். தொழிலாளர் இயக்கத்துக்கென இனிய தமிழ்ச் சொற்களை ஆக்கியவரும் அவரே.

அவ்வாலை 1996-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. வெற்றிடமாய்க் கிடந்த அதன் பெருங்கூடங்களில் சிலகாலம் திரைப்படக் காட்சிகள் எடுக்கப்பட்டன. பின்னர் அந்நிலத்தில் வானளாவும் அடுக்குமாடி வீடுகளும் வாணிகக் கூடங்களும் எழலாயின. அப்புதிய குடியிருப்பு, தன்னைக் கட்டியவர்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. ஆலையின் பெயரையோ அங்கு உழைத்தவர் பெயரையோ தாங்கவில்லை. எனினும் அவ்வட்டாரத்தை அடுத்த பகுதி திரு.வி.க. நகர் என வழங்குதல் மனத்துக்கு ஆறுதல் அளிப்பது. பெங்களூரில் நிலைமை வேறு. அங்கும் பின்னி ஆலை இருந்தது, அதுவும் மறைந்தது, ஆயினும் அது நின்ற பகுதி பின்னிப்பேட்டை என்றே வழங்கி வருகின்றது. ஒரே குழுமத்தின் இரண்டு ஆலைகளில் ஒன்றின் பெயர் மண்ணில் ஊன்றி நின்றது; மற்றொன்றின் பெயர் மண்ணோடு மறைந்து வருகின்றது.

மும்பை மாநகரில் 1905-ஆம் ஆண்டு பீனிக்ஸ் என்னும் பெயரால் ஒரு பஞ்சாலை தோன்றியது. பீனிக்ஸ் என்பது மேலைநாட்டார் கதைகளில் வரும் பறவை. எரிந்து சாம்பலாகி, அச்சாம்பலிலிருந்தே மீண்டும் எழும் என்பர். 1982-ஆம் ஆண்டில் தத்தா சாமந்து என்பார் தலைமையில் மும்பை ஆலைத் தொழிலாளர் நடத்திய நெடிய வேலைநிறுத்தத்தின் பின் அந்நகரத்துப் பஞ்சாலைகள் பலவும் நலிந்தன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைப்பு இழந்தன. பீனிக்ஸ் ஆலை நின்ற இடத்தில் பின்னர் ஆடம்பரப் பொருள்களை விற்கும் பெரும் அங்காடி எழுந்தது. பெயர் பீனிக்ஸ் என்றே நின்றது. அவ்வளவில் முடியாமல், 2013-ஆம் ஆண்டில் சென்னை வேளச்சேரியில் அந்நிறுவனத்தார் கட்டிய பேரங்காடிக்கும் அப்பெயர் வந்து சேர்ந்தது. வேளச்சேரியில் பீனிக்ஸ் ஆலை என்றும் இருந்ததில்லை. மும்பைத் தொழிலாளர் இழை முடிந்த கூடத்தின் பெயர், அவர்தம் கதையைப் பின்னே விட்டுவிட்டுத் தான் மட்டும் தெற்கு நோக்கிப் பயணம் செய்தது. விடுமுறை நாளில் அங்கே செல்லும் இளைஞர் அப்பெயரைப் பறவையின் பெயராகவும் அறியார். ஆலையின் பெயராகவும் அறியார்.

கோயம்புத்தூரிலும் இத்தகைய காட்சிகள் உள. 1888-ஆம் ஆண்டில் ஸ்டேன்ஸ் என்பார் தொடங்கிய ஆலை முதலாக, ஒன்றன்பின் ஒன்றாக எழுந்த பஞ்சாலைகளால் அந்நகரம் தென்னாட்டு மான்செஸ்டர் எனப் பெயர் பெற்றது. பைக்காரா நீர்மின்சாரம் 1930-களில் வந்தபின் ஆலைகள் மேலும் பெருகின. குப்புசாமி நாயுடு அவர்கள் 1910-ஆம் ஆண்டில் நிறுவிய இலட்சுமி ஆலையின் பெயர், அவிநாசி சாலையில் பேருந்து நிற்கும் இடத்துக்கும் நாற்சந்திக்கும் பெயராகிவிட்டது. அவ்வாலை வளாகத்தில் அண்மைக் காலத்தில் எழுந்த வாணிகக் கட்டடமும் இலட்சுமி மில்லின் பெயரையே சூடியுள்ளது. அந்நகரத்தின் மற்றொரு பேரங்காடியின் பெயரில், அவ்விடத்தில் முன்பு தேயிலை பதப்படுத்திய புரூக்பாண்டு நிறுவனத்தின் பெயர் பாதி ஒட்டிக்கொண்டிருக்கின்றது. அவ்வழியே செல்லும் சாலைக்கு அரசினர் கிருஷ்ணசாமி முதலியார் பெயரைச் சூட்டிய பின்னும், முதியோர் அதனைப் புரூக்பாண்டு ரோடு என்றே கூறுவர். பெயர் மாற்றம் பலகையில் ஒரு நாளில் நிகழும். நாவில் நிகழ ஒரு தலைமுறை வேண்டும்.

பழைய பெயர்களையும் புதிய பெயர்களையும் அருகருகே வைத்து நோக்கினால் ஒரு வேறுபாடு தோன்றும். நிமந்தக்காரத் தெரு, எண்ணெய்க்காரத் தெரு, சின்னத்தறிப்பேட்டை, வண்ணாரப்பேட்டை ஆகிய பழம்பெயர்கள் யாவும் உழைத்தவரையோ, அவர் கையாண்ட கருவியையோ குறிப்பன. பின்னி, புரூக்பாண்டு, பீனிக்ஸ் ஆகியவை முதலிட்டவரின் பெயர்கள். அல்லது அவர் தம் நிறுவனத்துக்கு விரும்பி இட்ட பெயர்கள். ஆலைக்காலம் வந்தபோது தொழிலின் முகவரி தொழிலாளரை விட்டு முதலாளியைச் சென்று சேர்ந்தது. அவ்வாலை மறைந்து அங்காடி எழும்போது, நினைவுச் சின்னம் என்று சொல்லிப் போற்றப்படுவதும் அம்முதலாளியின் பெயரே. பின்னி ஆலையில் பஞ்சுத் தூசியை உண்டு இருமிய ஒருவரின் பெயரால் அங்கே ஒரு மாடிப்படியேனும் அமைந்ததாகத் தெரியவில்லை. பழந்தொழிலின் பெயரைப் புதுக் கட்டடத்துக்குச் சூட்டுதல் நன்றே என்று கூறுவார், எவருடைய பெயர் அது என்பதையும் சேர்த்து வினவுதல் வேண்டும்.

அமெரிக்க நாட்டில் லோவல் என்னும் நகரம் ஒரு காலத்தில் பருத்தித் துணி ஆலைகளால் புகழ் பெற்றது. ஆலைகள் மூடியபின் நகரம் பாழ்பட்டது. 1978-ஆம் ஆண்டில் அந்நாட்டரசு அந்நகரத்துப் பழைய ஆலைப்பகுதியைத் தேசிய வரலாற்றுப் பூங்காவாக அமைத்தது. பூட் என்பாரின் பெயரால் வழங்கிய ஆலைக் கட்டடத்தின் ஒரு பகுதி குடியிருப்பாயிற்று. மற்றொரு பகுதி அருங்காட்சியகமாயிற்று. அக்காட்சியகத்தில் பழைய விசைத்தறிகளை உண்மையாகவே ஓட்டிக் காட்டுகின்றனர். உள்ளே நுழைவோர் செவியைப் பொத்திக்கொள்ளும் அளவுக்கு அவ்வோசை பெரிது. நாட்டுப்புறத்திலிருந்து வந்து அவ்வோசையின் நடுவே நாள்தோறும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்ற இளம்பெண்களின் வாழ்க்கை அங்கே எடுத்துரைக்கப்படுகின்றது. பெயர் முதலாளியினுடையதே ஆயினும், அப்பெயருக்குள் தொழிலாளர்க்கும் இடம் கிடைத்திருக்கின்றது.

காஞ்சியின் நிலை இவை அனைத்திலிருந்தும் வேறானது. பின்னி ஆலை போல அங்கே நெசவு முடிந்துவிடவில்லை. பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் இன்றும் தறியின் ஒலி உண்டு. ஆயினும் பண்டு போல வீடுதோறும் இல்லை. 1998-ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் மகிழ்வுந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது முதலாக, திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆகிய இடங்களில் தொழிற்சாலைகள் பல பெருகின. திங்கள்தோறும் முதல் நாளில் தவறாது கிடைக்கும் ஊதியம், சீருடை, அழைத்துச் செல்ல வரும் பேருந்து ஆகியவற்றை நெசவாளர் வீட்டு இளைஞர் கண்டனர். தந்தை குழித்தறியில் கால் தொங்கவிட்டு அமர்ந்து, முதுகு வளைந்து, ஒரு சேலையைப் பல நாள் நெய்து பெறும் கூலியோடு அதனை ஒப்பிட்டனர். அவர்கள் சென்றதைக் குறைகூற எவர்க்கும் உரிமை இல்லை. அத்தொழிற்சாலைகளும் அசையாதன அல்ல. 2006-இல் திருப்பெரும்புதூரில் எழுந்த கைப்பேசித் தொழிற்சாலை 2014-இல் மூடப்பட்டது. அவ்வாறு வேலை இழந்த இளைஞன் தறிக்குத் திரும்புதலும் எளிதன்று. கோர்வைக்குத் துணையிருந்து நாடா எறியும் பழக்கம் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே கைக்கு வரும் என்று முதியோர் கூறுவர். சிறுவரைத் தறியில் அமர்த்தாது பள்ளிக்கு அனுப்புவதே முறை, சட்டமும் அதுவே. அப்படியானால் அக்கைப்பழக்கத்தைப் படிப்பு முடிந்த பின் இளைஞர்க்கு யார், எங்கே கற்பிப்பது? அவ்வினாவுக்கு விடை காணாத அளவும் ஆண்டுதோறும் சில தறிகள் ஓய்ந்துகொண்டே இருக்கும். ஓய்ந்த வீட்டில் குழியை மண்ணிட்டு நிரப்பித் தரை போடுவர். அந்த அறையை வாடகைக்கு விடுவர்.

இந்நிலையில்தான் நகரை அடுத்த கீழ்க்கதிர்ப்பூரில், ஏறத்தாழ 75 ஏக்கர் நிலத்தில், பேரறிஞர் அண்ணா கைத்தறிப் பட்டுப் பூங்கா அமைந்தது. பூவும் காவும் சேர்ந்தது பூங்கா. கா என்பது சோலை. பூவும் சோலையும் இல்லாத தொழில் வளாகத்தைப் பூங்கா என்று வழங்குதல் நம் காலத்து வழக்கு. சென்னைத் தரமணியில் 2000-ஆம் ஆண்டில் எழுந்த டைடல் பூங்கா இதற்கு முன்னோடி. மொழி எதனையும் பொறுத்துக்கொள்ளும். சாயமிடுதல், பாவு ஓடுதல், நெய்தல் முதலிய வேலைகளை ஓரிடத்தில் நல்ல வசதிகளோடு நடத்துதலே அப்பட்டுப் பூங்காவின் நோக்கம். அண்ணாவின் பெயர் அதற்குப் பொருத்தமானது. அவர் 1909-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் காஞ்சியில், நெசவுத் தொழில் புரியும் மரபில் தோன்றியவர். 1953-ஆம் ஆண்டில் கைத்தறித் துணி விலைபோகாமல் நெசவாளர் துயருற்றபோது, தம் தோழர்களோடு தெருவில் இறங்கித் துணிகளைத் தோளிற் சுமந்து விற்றவர்.

அப்பூங்காவை நோக்கித் தறிகள் விரைந்து செல்லவில்லை. அதற்குக் காரணம் நெசவாளரின் சோம்பல் அன்று. கைத்தறி நெசவு ஒருவர் தனியே செய்யும் தொழில் அன்று என்பதை முன்பே கண்டோம். தார் சுற்றும் பாட்டியும், சமையலுக்கிடையே ராட்டை சுழற்றும் மனைவியும், அறுந்த இழையை முடியும் தம்பியும் சேர்ந்தே ஒரு சேலை உருவாகும். அக்குடும்பத்தை ஊர்ப்புறத்துக் கூடத்துக்குப் பெயர்த்துக் கொண்டு போதல் எளிதன்று. வீட்டுக்குள் இருக்கும் தறியைப் பூங்காவாக்க முடியாது. பூங்காவை வீடாக்கவும் முடியாது. கட்டடம் முதலில் எழுந்து தொழிலைத் தன்பால் அழைக்கும்போது இத்தகைய இடர் நேர்வது இயல்பு. சின்னத்தறிப்பேட்டையைக் கண்ட கும்பினியார், தறிக்கூடத்தை மட்டும் கட்டாமல், நூற்போர்க்கும் வெளுப்போர்க்கும் குடியிருக்க இடம் தந்தனர். அவர் நோக்கம் இலாபமே. ஆயினும் நெசவாளரின் வாழ்க்கை முறையை அவர் அறிந்திருந்தனர்.

இன்னுமொன்று கருதத்தக்கது. காஞ்சி நெசவாளர் தமக்கென அமைத்துக்கொண்ட பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களின் பெயர்களை நோக்குக: காமாட்சியம்மன், முருகன், வரதராசசுவாமி, திருவள்ளுவர், அறிஞர் அண்ணா. தெய்வத்தின் பெயரும் புலவர் பெயரும் தலைவர் பெயருமே உள்ளன. தறியின் பெயரோ, நாடாவின் பெயரோ, கோர்வையின் பெயரோ ஒன்றும் இல்லை. 1935-ஆம் ஆண்டில் தோன்றிய கோ-ஆப்டெக்சு என்னும் மாநிலக் கைத்தறிச் சங்கமும், சென்னை எழும்பூரில் உள்ள தன் விற்பனை மாளிகைக்குத் தென்னாப்பிரிக்கப் போராட்டத்தில் உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மையின் பெயரையே இட்டது. தறியோசை நாள்தோறும் செவியில் விழும் இடத்தில் அதனை நினைவூட்டப் பலகை வேண்டுவதில்லை. அங்கே மக்கள் தாம் வணங்குவதையும் மதிப்பதையும் பெயராக இடுவர். தொழில் நீங்கிய பின்னரே அதன் பெயர் கட்டடத்தின் நெற்றிக்கு ஏறுகின்றது. காஞ்சியில் நாளை எழப்போகும் ஓர் அடுக்குமாடிக்கு எவரேனும் தறி என்றோ கோர்வை என்றோ அழகிய பெயரொன்றைச் சூட்டுவாராயின், அதனைக் கண்டு மகிழ்வதற்கு முன், அடுத்த தெருவில் எத்தனை வீட்டில் நாடா ஓடுகின்றது என்று எண்ணிப் பார்த்து வருதல் தக்கது.

எண்ணுதற்கு ஏற்ற வேளை காலை ஐந்தரை மணி. பிள்ளையார்பாளையத்தில் பாவு நீட்டுவோர் இரண்டு முனையிலும் மரக்கட்டையை ஊன்றி, சிவப்பும் பச்சையுமான இழைகளைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டும் நேரம் அது. மிதிவண்டியில் வருவோர் இறங்கி, பாவு படாமல் ஓரமாகத் தள்ளிக்கொண்டு செல்வர். வெயில் ஏறுவதற்குள் கஞ்சி காய்ந்து, பாவு சுருட்டப்பட்டு, தெரு மீண்டும் தெருவாகிவிடும். அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் தெருவில் நிற்கும் பாவுகளை எண்ணினால், அப்பகுதியில் அவ்வாரம் ஏறப்போகும் தறிகளின் கணக்கு ஏறத்தாழத் தெரிந்துவிடும்.